நானூற்றுப் பன்னிரண்டாம் அறைச் சாக்லேட் படலம்

கேண்மின், குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்று சாதிக்கும் குவலயத்தோரே! அறைக்கொரு 'மினிபார்' குளிர்பெட்டி, பெட்டிக்கொரு பூட்டில்லாக் கதவு, கதவைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் ஆசை, ஆசையின் பக்கத்திலேயே அதன் விலைப்பட்டியல் என்று அமைந்த அந்த ஏழடுக்கு மாட விடுதியில், தள்ளுவண்டியே தேராக, இடையில் குலுங்கும் சாவிக்கொத்தே முரசாகத் தளம்தோறும் உலா வந்து, சோடா புரந்து, முந்திரி காத்து, சாக்லேட்டுக்கு அரணாய் நின்ற செம்மலை, ஊழியர் அனைவரும் 'மினிபார் அண்ணன்' என விளிக்கும் வீரனை முதற்கண் வணங்குகிறோம். வாழ்க அவன் கொற்றம்! வாழ்க அவன் முழங்கால்! இக்கதையில் அதற்குத்தான் வேலை அதிகம்.

அவ்விடுதியின் போர்முறை இது. அறையைக் காலி செய்யும் விருந்தினர் வரவேற்பு மேசையை அடைந்ததும், அங்கே வீற்றிருக்கும் நங்கை மேசைக்கடியில் போனை வைத்து அண்ணனுக்கு ரகசியமாய்ச் சேதி சொல்வாள். டாக்சி வாசலுக்கு வருமுன் அவன் அறைக்குப் பறந்து, பெட்டியைத் திறந்து, எது குறைகிறதென்று கீழே தெரிவிக்க வேண்டும். அதுவரை அவள், "ரூம் வசதியா இருந்துச்சா சார்? ஏசி ரொம்பக் குளிரலையே?" என்று புன்னகை ஒன்றையே கேடயமாய் ஏந்தித் தனியொருத்தியாய்த் தடுத்து நிற்பாள். தாமதித்தால் போனது போனதுதான். அந்தப் பழியை விடுதி சுமக்காது. அண்ணன் தலையில் இறக்கிவைத்துவிட்டுக் கை கழுவிக்கொள்ளும்.

அந்த மாதம் ஏற்கெனவே ஒரு சோடாவும் ஒரு முந்திரிப் பொட்டலமும் மாயமாகியிருந்தன. இன்னும் ஒரு பொருள் குறைந்தால் அவனைச் சலவைப் பிரிவுக்கு மாற்றுவதென்று மேலாளர் ஆணையிட்டிருந்தார். நீராவிக்கு அஞ்சுபவனல்லன் நம் வீரன். சோப்பு நுரைக்கும் கலங்கான். ஆயின் அச்சலவைத் தேசத்தின் சூப்பர்வைசர் யாரெனில், அவன் மனையாளின் உடன்பிறந்த தம்பி! பெண் பார்க்கப் போன நாள் முதலாய் 'என்னடா' என்று தான் ஏவிவந்த மைத்துனனை, இனி 'சார்' என்று கைகட்டி அழைப்பதோ? மைத்துனனோ வழியில் பார்க்கும்போதெல்லாம் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "வாங்க மாமா, உங்களுக்குன்னே ஒரு பெட்ஷீட் மூட்டையைப் பிரிக்காம வெச்சிருக்கேன்" என்று வெந்த புண்ணில் வெந்நீர் ஊற்றி வந்தான்.

இவ்வாறு ஊழ் உருண்டுவரும் வேளையில் ஒரு காலை, போன் அதிர்ந்தது.

"அண்ணே, நானூத்திப் பன்னெண்டு கெளம்புறாங்க. ஏசியைப் பத்திக் கேட்டு முடிச்சுட்டேன், தலகாணியையும் விசாரிச்சாச்சு. இனிமே கேக்குறதுக்கு ஒண்ணுமில்ல, ஓடுங்க!"

லிஃப்டை யாரோ ஒரு கூட்டத்தின் பெட்டிகள் முற்றுகையிட்டிருந்தன. மாற்றார் கோட்டை மதிலேறும் மறவன்போல், மலைமுகடு நோக்கிப் பாயும் வரையாடுபோல், சாவிக்கொத்து முழங்க, சட்டைப் பொத்தான் ஒன்று தெறிக்க, படியென்று பாராமல் இரண்டிரண்டாய்த் தாவி நாலாம் தளம் எய்திய அண்ணன், சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உலகை வெறுத்தான். பின் அறை புகுந்து, குளிர்பெட்டியின் கதவைத் திறந்தான்.

என்னே வியப்பு! சோடா இருந்தது. தண்ணீர் இருந்தது. முந்திரியும் இருந்தது. சாக்லேட்டும் இருந்தது. 'எல்லாம் சரி' என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே உறைந்தான். விடுதியின் சாக்லேட் சுண்டுவிரல் நீளமே உடையது. நெற்றியில் விடுதியின் ஸ்டிக்கர் அணிந்தது. இதுவோ உள்ளங்கையை மீறிப் புடைத்து, ஸ்டிக்கரின்றி, வெட்கமுமின்றிக் கிடந்தது. பெட்டிக்குள் கிடந்து வளரும் சாக்லேட்டைப் பாரினில் யார் கண்டார்? ஸ்டிக்கர் இல்லாப் பொருளை விடுதியின் ஸ்டோர் ஏற்காது, ஏற்காவிடில் அது குறைவு, குறைவெனில் மைத்துனன். பகைவனின் கொடியைப் பறித்த தளபதிபோல் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான் அண்ணன்.

கீழே நின்ற எதிரியோ எளியவரல்லர். சிக்கனமே கவசமாய்ப் பூண்டவர். சோப்புத் துண்டையும் காகிதத்தில் மடித்துப் பெட்டியில் வைக்கும் பேராற்றலர். அறைக்குள் கால் வைத்த கணமே மனைவியை நோக்கி, "அந்தப் பெட்டிப் பக்கமே போகாதே. தொட்டா பில்லு, பாத்தா பில்லு" என்று பிரகடனம் செய்தவர். அத்தகையவர் முன் அண்ணன் சாக்லேட்டை வைக்கவும், கடல் பொங்கியது.

"என்னய்யா இது? நான் அந்தப் பெட்டியைத் தொறக்கவே இல்ல! என்னைப் பாத்தா சாக்லேட் தின்னுட்டு ஓடுற மூஞ்சியாவா தெரியுது?"

"கொறஞ்சிருக்குன்னு நான் சொல்லல சார்," என்றான் அண்ணன், மூச்சிரைத்தபடியே. "கூடியிருக்கு."

பின்னே வரிசையில் நின்றோர் நகைத்தனர். அந்நகையொலி கேட்டு மேலாளர் தம் கண்ணாடிக் கூண்டிலிருந்து எழுந்தருளி, கழுத்துப்பட்டையைச் சரிசெய்து, "இவ்விடுதி தொடங்கிய நாள் முதலாய்ப் பொருள் குறைந்ததுண்டு, பெருத்ததில்லை. நேர்மை எங்கள் மூச்சு. நியாயமான விலை எங்கள் உயிர். உண்மை வெளிவந்தே தீரும்" என்று முழங்கினார்.

உண்மையும் வந்தது. அதுவரை பயணப் பெட்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே நின்ற மனைவி நிமிர்ந்தாள்.

"நான்தான் தின்னேன். நீங்க குளிக்கப் போனப்போ. தெரிஞ்சா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பீங்களேன்னு பக்கத்துக் கடையில வாங்கி வெச்சேன். கடைக்காரரு சின்னது தீந்துபோச்சுன்னாரு, பெருசா வாங்கினேன். இங்க சின்னதுக்குப் போட்டிருக்கிற விலையில அது பாதிகூட இல்ல."

கணவரின் முகத்தில் முதலில் சினம் ஏறியது. பின் அது தயங்கியது. பின் வேறொன்று மலர்ந்தது.

"பாதிகூட இல்லையா? இவ்ளோ பெருசா?" என்றார், தம் மனைவியை அன்றுதான் புதிதாய்ப் பார்ப்பவர்போல். "கெட்டிக்காரிதான்டி நீ!"

"கெட்டிக்காரத்தனமெல்லாம் இருக்கட்டும்," என்றாள் அவள், அண்ணனிடம் திரும்பி. "சின்னதுக்குப் பில் போட்டுக்கோங்க. என் பெருச என்கிட்ட குடுத்துடுங்க."

வரிசையிலோ மெல்ல ஒரு சலசலப்பு எழுந்தது. ஒருவர் தம் பில்லை விரித்தார். இன்னொருவர், "அந்தக் கடை எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். படை பின்னடைவதை உணர்ந்த மேலாளர், "போடுங்க, போடுங்க, சீக்கிரம் போட்டு அனுப்புங்க" என்று தூய தமிழைக் கைவிட்டு ஓடினார். பில் பிறந்தது, கணவர் பெருமூச்சோடு கையெழுத்திட்டார், பெருஞ்சாக்லேட் கைப்பைக்குள் புகுந்தது, டாக்சி அகன்றது.

கணக்கு நேரானது! சலவைத் தேசம் தன் புதிய அடிமையை இழந்தது! 'சார்' என்னும் சொல் அண்ணனின் நாவைத் தீண்டாமல் தப்பியது! ஏழு தளமும் அதிரச் சாவிக்கொத்து முழங்க, வேங்கை நடையும் வெற்றிப் பார்வையுமாய், நானூற்றுப் பன்னிரண்டின் பெட்டியில் வெறுமையாய்க் கிடந்த அச்சிறுபீடத்தில் புதிய சாக்லேட்டை முடிசூட்டி அமர்த்தும் பொருட்டு, கீழ்த்தளத்து ஸ்டோரின் வாயிலில் வந்து நின்றான், வெல்லற்கரிய வீரன், மினிபார் அண்ணன்!

ஸ்டோரில் சின்ன சாக்லேட் தீர்ந்துவிட்டதால், பக்கத்துக் கடையில் பெரியதாக ஒன்று வாங்கி வைக்கச் சொல்லி ஸ்டோர்க்காரர் அண்ணனிடம் காசு கொடுத்தார்.