சகலைக்கு மேலே ஒரு வேரியண்ட்

ஆலங்குடியில் நடந்த அந்தக் காதணி விழாவில், காது குத்திய பிள்ளையைப் பார்த்தவர்களைவிட மண்டப வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தவர்கள்தான் அதிகம். வண்டி ரெங்கசாமியுடையது. ரெங்கசாமி ஆதனக்கோட்டையில் முந்திரி வியாபாரம் செய்கிறவர். ஆத்மநாதனுக்குச் சகலை, அதாவது, ஆத்மநாதனின் மனைவி அமிர்தவல்லிக்கு ரஞ்சிதா என்று ஒரு தங்கை, அவளைக் கட்டியவர்.

பந்தியில் ஆத்மநாதனுக்குக் கிடைத்த இடம் ஜன்னலுக்கு நேர் எதிரே. நிமிர்ந்தால் ஜன்னல் நிறைய அந்த வண்டியின் முகம். குனிந்தால் இலை. அவர் ரசம் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டார். கை கழுவும் இடத்திலேயே முடிவும் எடுத்துவிட்டார். ரெங்கசாமியின் வண்டியைவிட ஒரு படியாவது மேலான வண்டியில் ஏறாமல், இனிமேல் இந்தச் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை.

ஆத்மநாதனும் ஒன்றும் இல்லாதவர் அல்ல. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் சொந்த வீடு, ஓடிக்கொண்டிருக்கிற மூன்று போர்வெல் லாரிகள். மாவட்டத்தில் பாதி ஊர்களுக்குத் தண்ணீர் வருவது தான் போட்ட துளையால்தான் என்று சொல்லிக்கொள்வார். மீதி ஊர்களில் தண்ணீர் வராததற்கும் அவர் போட்ட துளைதான் காரணம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொழிலின் தொடக்கத்தில் லாரியை அவரே ஓட்டினார். இருபத்திரண்டு வருஷம் கிளட்ச் மிதித்த இடது கால் அவருடையது. ஊரில் சிலர் மீசையைப் பற்றிப் பேசுவதுபோல அவர் அந்தக் காலைப் பற்றிப் பேசுவார்.

ஏழு மாதத்துக்கு முன்பு அமிர்தவல்லி, வீட்டிலிருந்த பழைய காரைத் தானும் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஆத்மநாதன் இடது காலை எடுத்து டீபாய் மேல் வைத்துக் காட்டினார். இந்தக் காலுக்கே பழக ரெண்டு வருஷம் ஆனது, நீ எந்த மூலைக்கு என்பது அதன் பொருள். அமிர்தவல்லி டீபாயைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் ஆசைக்காகக் கேட்கவில்லை. அவளுடைய அம்மா திருவரங்குளத்தில் தனியாக இருந்தார். முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை கால் பயிற்சிக்கு டவுனுக்கு வந்தாக வேண்டும். பஸ் படி ஏற முடியாது. ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் அன்றைக்கு முழுக்க வலி. அமிர்தவல்லி கேட்கும்போதெல்லாம் ஆத்மநாதன் கட்டாயம் நாளைக்குக் கூட்டிப்போகிறேன் என்பார். நாளைக்கு எங்காவது ஒரு ஊரில் நானூறு அடியில் பைப் மாட்டிக்கொள்ளும். அம்மாவின் முழங்கால் இப்படியே எட்டு மாதமாக மடங்காமல் இருந்தது.

காதணி விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஆத்மநாதன் ஆழம் பார்த்தார்.

“ரெங்கசாமி வண்டியப் பாத்தியா?”

“பாத்தேன். நல்லாத்தான் இருக்கு.”

“என்னத்த நல்லா இருக்கு?”

“எனக்கு என்னங்க தெரியும். உயரமா இருக்கு. அதுல உக்காந்தா அவருமே உயரமாத்தான் தெரியிறாரு.”

ரெங்கசாமி ஐந்தடி இரண்டு அங்குலம். ஆத்மநாதன் ஐந்தடி எட்டு. இத்தனை வருஷமாக அந்த ஆறு அங்குலம் அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது, அது பறிபோன பிறகுதான் தெரிந்தது.

மறுநாளிலிருந்து அவர் படிக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் போர் போடவே வந்திருக்க மாட்டார், அப்படி ஒரு படிப்பு. லாரியின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, துளை போடுகிற சத்தத்தில் காதில் எதுவும் விழாமல், போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ரெங்கசாமியின் வண்டிக்குக் கோரன் என்று பெயர். மலை ஏறும், ஆறு தாண்டும், உள்ளே உட்கார்ந்தவருக்கு வேர்க்காது. அதில் நாலு வேரியண்ட். அடியில் இருப்பது அர்பன். அது பார்க்க மட்டும் கோரன், காட்டுக்குள் போகாது. அடுத்தது டிரெய்ல். காட்டுக்குள் போகும், ஆனால் கியரைக் கையால்தான் போட வேண்டும். அதற்கு மேலே சம்மிட். கிளட்ச் கிடையாது, கூரையில் கண்ணாடி, சேறு, மணல், பாறை, பனி என்று தரைக்குத் தகுந்தபடி திருகி வைக்க ஒரு குமிழ். எல்லாவற்றுக்கும் உச்சியில் சம்மிட் லிமிடெட். அது நாட்டுக்கே கொஞ்சம்தான் வரும், பதிவு செய்தால் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஒரு வருஷம் காத்திருக்கும் நிலையில் ஆத்மநாதன் இல்லை.

நாலாம் நாள், சக்கரத்தின் டிசைனையும் பின்கதவின் எழுத்தையும் ஒப்பிட்டு, அவர் பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். ரெங்கசாமியுடையது வெறும் டிரெய்ல். சம்மிட் இல்லை. அன்றைக்கு முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தபடி வீட்டுக்குள் நுழைந்தார்.

“டிரெய்லாம். ட்ரையல் பாக்க வாங்கியிருக்கான் ஒன் தங்கச்சி புருசன்.”

அமிர்தவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “அப்ப நாமளும் அதையே வாங்கிருவோங்க. ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிரும்.”

“அவன் வாங்குனதையே நானா?”

“வேணாம்னா அந்த அர்பன் வாங்குங்க. நாம என்ன காட்டுக்கா போறோம்.”

ஆத்மநாதன் காபியைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய போர் போடுகிற ரிக்கு போகிற இடமெல்லாம் கரட்டுக்காடு, வரப்பு, கண்மாய்க்கரை என்று கொஞ்ச நேரம் விளக்கினார். மூன்று வருஷமாக அவர் ரிக்குக்குப் போவது மேனேஜரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் என்பதை அமிர்தவல்லி நினைவுபடுத்தவில்லை. வேறு என்னதான் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். அவர் சம்மிட் என்றார்.

“அது வேணாங்க,” என்றாள் அமிர்தவல்லி, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதெல்லாம் பெரிய ஆளுங்க வாங்குறது.”

அந்த ஒரு வாக்கியத்தில் சம்மிட் முடிவாகிவிட்டது.

மறு வாரமே திருச்சி ஷோரூமுக்குப் போனார்கள். அங்கே விற்பனையைப் பார்த்துக்கொண்ட பெண் சாமியா, கோட்டைப்பட்டினத்துக்காரி. சம்மிட்டுக்கு மார்க்கெட் எப்படி என்று ஆத்மநாதன் விவரமானவர்போல விசாரித்தார். சாமியா சிரிக்காமல் பதில் சொன்னாள்.

“டாக்டருங்க அர்பன் வாங்குவாங்க சார். குவாரி வச்சிருக்கவங்க டிரெய்ல் வாங்குவாங்க. ஆனா நம்ம பக்கத்துல ரொம்பப் போறது சம்மிட்தான். டிரெய்ல் வாங்குன எல்லாருக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்காங்கல்ல.”

அமிர்தவல்லி வண்டியைச் சுற்றி வந்து குறை சொல்லிக்கொண்டே இருந்தாள். புதுக்கோட்டை வெயிலுக்குக் கூரையில் ஓட்டை வைத்த வண்டி எதற்கு என்றாள். ரெங்கசாமியின் கூரையில் ஓட்டை இல்லை என்பது ஆத்மநாதனுக்கு நினைவு வந்தது. ஓட்டை கட்டாயம் வேண்டும் என்றார். பனிக்கு ஒரு மோடு இருக்கிறதே, நம்மூரில் பனிக்கு எங்கே போவது என்றாள். மார்கழியில் விழுகிறதே அது என்ன என்றார். கடைசியாகச் சாமியா, சம்மிட்டில் கிளட்ச் கிடையாது, ரொம்ப நாள் கியர் வண்டி ஓட்டியவர்களுக்குப் பழக நாளாகும், ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்றாள்.

அமிர்தவல்லி உடனே அதைப் பிடித்துக்கொண்டாள். “அதைத்தாம்மா நானும் சொல்றேன். கிளட்ச் இல்லைன்னா இவங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. டிரெய்லே போதும்.”

லாரி ஓட்டியவனுக்கு இதெல்லாம் பொம்மை என்று ஆத்மநாதன் சொன்னார். ஓட்டிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். வண்டி வர நாலு மாதம் ஆகும் என்றார்கள். அந்த நாலு மாதமும் அவர் ரெங்கசாமிக்குத் தினமும் போன் போட்டு, டிரெய்ல் எப்படி ஓடுகிறது என்று அன்பாக விசாரித்து வந்தார். அமிர்தவல்லி உடம்புக்கு நல்லது என்று காலையில் நடைப்பயிற்சிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அவரும் போகச் சொல்லி அனுப்பினார்.

வண்டி வீட்டு வாசலுக்கே வந்து இறங்கியது. ரெங்கசாமியை ஒரு மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்லி நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். தெருவே கூடிவிட்டது. மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. ஆத்மநாதன் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் ரெங்கசாமி. பின்னால் அமிர்தவல்லியும் ரஞ்சிதாவும்.

புறப்படுகிற வேகத்தில் அவருடைய இடது கால் பழக்கப்படி கிளட்சைத் தேடிப் போனது. அங்கே கிளட்ச் இல்லை. பக்கத்தில் அகலமாக ஒன்று தட்டுப்பட்டது. அதை இருபத்திரண்டு வருஷ அனுபவத்தோடு அழுத்தி மிதித்தார். அது பிரேக். வண்டி ஒரு விரற்கடை முன்னால் பாய்ந்து, தலையைக் கவிழ்த்து நின்றது. மாலை அறுந்து கண்ணாடி மேல் விழுந்தது. இரண்டாவது முறை மிதித்தபோது ரஞ்சிதாவின் கையிலிருந்த கற்கண்டுத் தட்டு முன் சீட்டுக்கு வந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு ரெங்கசாமி நெற்றியைத் தடவியபடி மெதுவாகச் சொன்னார்.

“பிரேக் நல்லாப் புடிக்குதுண்ணே.”

எலுமிச்சம்பழத்தில் ஒன்றுகூட முழுசாக நசுங்கவில்லை. தெருவில் யாரும் சிரிக்காதது சிரிப்பதைவிட மோசமாக இருந்தது. அப்போது அமிர்தவல்லி பின்னாலிருந்து, கொஞ்சம் இறங்குங்க, நான் ஒரு தடவை பார்க்கிறேன் என்றாள். ஆத்மநாதன் யோசித்தார். இவளும் நாலு முறை குலுக்கினால், தான் குலுக்கியது வண்டியின் குற்றமாகிவிடும். பெருந்தன்மையோடு இறங்கினார்.

அமிர்தவல்லி ஏறி, சீட்டை ஒரு பொத்தானால் முன்னுக்கு நகர்த்தினாள். கண்ணாடியைத் திருப்பினாள். பெல்ட்டை மாட்டினாள். நாலு எலுமிச்சம்பழமும் ஒரே சத்தத்தில் நசுங்கின. வண்டி எண்ணெய் வழிவதுபோலப் போய், கோயில் முனையில் திரும்பி, சுவரோரம் ஒரு சாண் விட்டு வந்து நின்றது. ஆத்மநாதன் ஓடிப்போய், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறாயே, போலீஸ் பிடித்தால் என்ன செய்வாய் என்றார். அவள் கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்துக் கொடுத்தாள். போட்டோவில்கூட லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நடைப்பயிற்சி, டவுனிலிருந்த ஒரு டிரைவிங் ஸ்கூல் வரைக்கும்தான் நடந்திருக்கிறது. அங்கே கிளட்ச் இல்லாத ஒரு சின்னக் கார் இருந்திருக்கிறது.

வீட்டுக்குள் வந்ததும் ஆத்மநாதன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சம்மிட்ல கிளட்ச் இல்லைன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?”

“ரஞ்சிதா வண்டி எடுக்கப் போனப்பவே. நானும் கூடப் போயிருந்தேன். கிளட்ச் இல்லாதது எதுன்னு சாமியாகிட்டக் கேட்டேன். அது சம்மிட்டைக் காட்டுச்சு.”

“பெறகு ஏன் வேணாம் வேணாம்னு சொன்ன?”

“வேணும்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?”

ஆத்மநாதன் ஞாயமாக யோசித்துப் பார்த்தார். வாங்கியிருக்க மாட்டார்.

அவரும் சும்மா விடவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் ஒரு வாரம் பழகினார். இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்து ஓட்டிப் பார்த்தார். சாப்பாட்டுக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்ததுபோல இருந்தது. கால் மரத்துப்போய், இறங்கும்போது விழப் பார்த்தார். அமிர்தவல்லியோ செவ்வாயும் வெள்ளியும் திருவரங்குளத்துக்குப் போய், அம்மாவை அலுங்காமல் கூட்டி வந்து, பயிற்சி முடித்துக் கொண்டுபோய் விட்டாள். இரண்டு மாதத்தில் அம்மா கைத்தடியை விட்டார். மாமியார் படி ஏறி நடப்பதை ஆத்மநாதனே நாலு பேரிடம் சொல்லி மகிழ்ந்தார். ஆனாலும், இடது பக்கம் உட்கார்ந்து போவதைத் தெரு பார்க்கிறதே என்று உறுத்திக்கொண்டுதான் இருந்தது. எப்படியானாலும் ரெங்கசாமியிடம் இருப்பது டிரெய்ல், தன்னிடம் இருப்பது சம்மிட் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அந்தத் தேறுதலில் அவர் இரண்டு சுற்றுப் பெருத்தும் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவரங்குளத்தில் மாமியார் இரண்டு மகள் குடும்பங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஆத்மநாதன் முதலிலேயே போய், சம்மிட்டை வாசலுக்கு நேராக நிறுத்த வைத்து, பக்கத்தில் நின்றார். பதினொரு மணிக்கு ஆதனக்கோட்டை வண்டி தெருவுக்குள் திரும்பியது. அது டிரெய்ல் இல்லை. நிறமே வேறு. பின்கதவில் லிமிடெட் என்று எழுதியிருந்தது. யாரோ வேண்டாமென்று விட்ட பதிவு ஒன்றைச் சாமியா பிடித்துக் கொடுத்தாளாம். ஆத்மநாதன் சம்மிட் வாங்கிய நாளிலிருந்து ரெங்கசாமிக்குச் சோறு இறங்கவில்லையாம். ரஞ்சிதா எவ்வளவோ வேண்டாம் என்று தடுத்தும் அவர் கேட்கவில்லையாம்.

டிரைவர் பக்கக் கதவு திறந்தது. ரஞ்சிதா இறங்கினாள். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்காமல் வீட்டுக்குள் போனார்கள். பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

இடது பக்கத்திலிருந்து ரெங்கசாமி நிதானமாக இறங்கி வந்தார். சகலை முகத்தில் தன் துக்கத்தைத் தேடினார் ஆத்மநாதன். அது அங்கே இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவர்போல இருந்தார் ரெங்கசாமி.

“ஒங்களுக்குத் தெரியுமாண்ணே,” என்றார். “லிமிடெட்ல இடது சீட்டுக்கு முதுகு அமுக்கி விடுற மிஷின் இருக்கு. ஆதனக்கோட்டையில ஆரம்பிச்சா இங்கிட்டு வந்து சேர்ற வரைக்கும் அமுக்குது. சம்மிட்ல அது உண்டுங்களா?”

திருக்கோகர்ணம் போய்ச் சேருகிற வரைக்கும் ஆத்மநாதனுக்கு முதுகு வலித்தது.