பார்க்கலாம் அதிகாரி

முடிவெடுக்க வேண்டிய நாற்காலியில் முடிவே எடுக்காமல் உட்கார்ந்திருப்பது ஒரு கலை. அதில் தேர்ந்தவர்கள் தனி இனம். எல்லா ஊரிலும் உண்டு. இவர் நியூ ஜெர்சிக்காரர்.

வாஞ்சிநாதனுக்கு வீடு பிஸ்கட்டவேயில், மாநில அரசு வேலை ட்ரென்டனில். முதியோர் நலனுக்கென்று வாஷிங்டன் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, எதற்குச் செலவழிப்பதென்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிடும். பிளாக் கிராண்ட் என்று பெயர். மற்றவர்களுக்கு அது சுதந்திரம். இவருக்கு வயிற்றுவலி. முடிவு செய்தால் நாளை யாராவது ஏன் என்று கேட்பார்களே? அதனால் ஆலோசனைக் குழு அமைப்பார், குழுவுக்கு வழிகாட்டத் துணைக்குழு அமைப்பார், துணைக்குழு சொன்னது சரியா என்று ஆன்லைனில் ஊரைக் கேட்பார், ஊர் சொன்னதைப் படித்துச் சொல்ல கன்சல்டன்ட் வைப்பார், அவர் 'முடிவெடுங்கள்' என்று எழுதிக் கொடுத்தால் வேறு கன்சல்டன்டைத் தேடுவார். உழைப்பாளி. அதில் சந்தேகமில்லை.

சென்ற மாதம் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். மான்மவுத் ஜங்ஷனிலிருந்து தாமரைச்செல்வி வந்திருந்தார். அவர் கணவர் கிட்டுசாமியை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் வேன் இந்த மானியத்தில்தான் ஓடுகிறது. மாதக் கடைசிக்குள் புதுப்பிக்காவிட்டால் நின்றுவிடும். தாமரைச்செல்விக்கு கார் ஓட்ட வராது. இதையெல்லாம் அவர் நிதானமான ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் வாஞ்சிநாதனுக்கு மனம் இளகிவிட்டது. இளகினால் அவருக்குத் தமிழ் வந்துவிடும்.

"பாக்கலாம் ஆன்ட்டி."

அதே வேனில் போகும் வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர், என்ன சொன்னார் என்று தாமரைச்செல்வியின் காதில் கேட்டார்.

"ஹி செட் நோ."

வாஞ்சிநாதன் பதறினார். "ஐயோ ஆன்ட்டி, நான் எங்க நோ சொன்னேன்? கன்சிடர் பண்றேன்னுதானே சொன்னேன்."

"எங்க வீட்லயும் அப்பா இருந்தார் தம்பி. சைக்கிள் கேட்டேன், பாக்கலாம்னார். காலேஜ் கேட்டேன், பாக்கலாம்னார். எனக்கா அர்த்தம் தெரியாது?"

அப்படியானால் ஆமாவா, இல்லையா என்று பாட்டி எழுந்து நின்று கேட்டார். ஆமா என்றால் மற்ற ஊர்க்காரர்கள் வேன் கேட்பார்கள். இல்லை என்றால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். வாஞ்சிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது மிக முக்கியமான கேள்வி, இதற்கென்றே அடுத்த மாதம் தனிக் கூட்டம் நடத்துவோம் என்று அறிவித்தார்.

மாதம் முடிந்தது. வேன் நின்றது. தான் நிறுத்தவில்லை, அது தானாகவே நின்றது என்பதில் அவருக்குப் பெரிய நிம்மதி. கிட்டுசாமி எப்படிப் போய்வருகிறார் என்று விசாரிக்க ஒரு குழு அமைக்கலாமா என்று மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்களா? உறுதியாகவா? அல்லது வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறீர்களா?