சம்பந்தி பிடித்த கயிறு

செங்கனி விளையும் சொங்சொங் நாட்டின் தலைமகன், பூச்சிமருந்து தெளிப்பதில் கார்மேகம், ஊரின் உறைபனிச் சுவரைப் பிறந்த நாள்முதல் பார்த்திருந்தும் அதில் ஒரு சாணும் ஏறியறியாத பெருந்தகை, கூ மன்சிக் வாழ்க! அவர் கொற்றம் பாடப் புகுந்தோம். புலியருகே வீற்றிருக்கும் மலைத்தெய்வமே, எம் நாவில் அமர்க. நா உறையாமலும் காத்தருள்க.

பெரும்போர்கள் பெண்ணால் மூள்வது வழக்கம். இதுவும் மகள் நாரேயின் கல்யாணத்தால் மூண்டது. மாப்பிள்ளை கடலோரப் பூசான் நகரத்துக்காரன். மண்டபம் சொங்சொங்கிலா, பூசானிலா என்பதே வழக்கு. அதைப் பேசித் தீர்க்கவென்றே சம்பந்திகள் இருவரும் பலமுறை விருந்தில் அமர்ந்தார்கள், பேசாமலே எழுந்தார்கள். மன்சிக் ஆப்பிள் பெட்டியை நீட்டினார். பூசானில் மீன்கேக் ஆலை நடத்தும் மாப்பிள்ளையின் அப்பா பியோன் தேஹோ மீன்கேக் பெட்டியை நீட்டினார். “ஐயோ, இதெல்லாம் எதுக்கு” என்ற போர்முழக்கம் மட்டும் இருபுறமும் விண்ணைப் பிளந்தது.

ஆகவே மன்சிக் சபதம் செய்தார். சம்பந்தியை ஊருக்கு அழைத்து, அவர் காணப் பனிச்சுவர் ஏறி, உச்சியில் தொங்கும் மணியை அடித்து, இறங்கிய சூட்டோடு, “கல்யாணம் எங்க ஊர்லதான், சம்பந்தி” என்று சொல்லிவிடுவது. இதற்கென, இமயத்தில் உயிர்விடச் செல்வோர்க்குத் தைத்த உடை ஒன்றும் வாங்கினார்.

ஏறுபவர் இடுப்பில் கட்டி, உச்சி வளையம் வழியாகக் கீழே வரும் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க நாரே முன்வந்தாள். பயிற்சியாளர் மிரான் அவளை ஒரு பார்வை பார்த்தாள். “நீ பிடிச்சா, அப்பா கீழ வருவார், நீ மேல போவே. எடை பொருந்தணும்.” மீன்கேக் உண்டு வளர்ந்த பியோன் தேஹோ அழகாகப் பொருந்தினார்.

“மேல இருக்கறவர் ‘இறக்கு’ன்னு கத்தணும். அப்பதான் கீழ இருக்கறவர் கயித்தை விடணும்,” என்றாள் மிரான். “ஒரே வார்த்தை. மரியாதையெல்லாம் தரைக்கு வந்து பார்த்துக்கலாம்.”

இருவரும் தலையாட்டினார்கள். அவள் அடுத்த கயிற்றுக்குப் போய்விட்டாள்.

எழுந்தார் மன்சிக். இரு கையிலும் கோடரி மின்ன, காலடியில் இரும்புமுள் கறுவ, காற்றுக்கு அஞ்சாது, கூடிநின்ற ஊராரின் பார்வைக்கு அஞ்சாது, அஞ்சவேண்டியதற்கு மட்டும் இன்னும் அஞ்சத் தொடங்காது, வெண்மதில்மேல் பாயும் வேங்கையெனப் பாய்ந்து, வலக்கோடரியை ஓங்கி, இடக்கோடரியை அதனினும் ஓங்கி, வெள்ளித்தூள் தலைக்கவசத்தில் பொழியப் பொழியக் கொத்திக்கொத்தி ஏறினார். மெல்லக் கொத்தினால் போதும் என்று மிரான் சொல்லித்தான் இருந்தாள். மெல்லக் கொத்துவது கோழியின் தொழில், வீரர்க்கு அழகன்று.

வீரத்தின் பலன் விரைவில் கிட்டியது. இரண்டு கோடரிகளும் அலகின் அடிவரை புதைந்தன. இழுத்தார்; வரவில்லை. அசைத்தார், அவரே அசைந்தார். கீழே ஒருமுறை பார்த்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்போது அவர் நின்ற உயரம், அவர் தோட்டத்துப் பழம் பறிக்கும் ஏணியைவிட இரண்டு முழம் அதிகம்.

“மன்சிக் அண்ணே!” அடுத்து ஏற வரிசையில் நின்ற பக்கத்துத் தோட்டக்காரன் கூவினான். “அங்கேயே குடித்தனம் வச்சுட்டீங்களா?”

“அப்பா, ‘இறக்கு’ன்னு சொல்லுங்கப்பா!”

“சும்மா இரு, நாரே! யாரைப் பார்த்து என்ன சொல்லச் சொல்றே?”

சம்பந்தியை ஏவுவதா? பனி உருகலாம், மலை சாயலாம். அது மட்டும் ஆகாது. மன்சிக் தொண்டையைச் செருமினார்.

“சம்பந்தி, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா...”

“எனக்கென்ன சிரமம்! நீங்க நிதானமா ஏறுங்க.”

“இல்லே, உங்களுக்குக் கை வலிக்குமேன்னு பார்த்தேன்.”

“அட, பொழுது சாயறவரைக்கும் பிடிப்பேன்!”

மௌனம் சம்பந்திகளுக்கு ஆகாது. விரல்களில் உணர்வற்று மன்சிக் மேலே தொங்க, கீழே பியோன் தேஹோ கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பேச்சுக்கு ஒரு பொருள் தேடி, கடைசியில் கண்டெடுத்தார்.

“சும்மாதானே நிக்கிறோம், சம்பந்தி. ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்க! சீக்கிரம் கேளுங்க!”

“பூசான்ல கடலைப் பார்த்த மாதிரி ஒரு மண்டபம் இருக்கு. உங்க பக்கத்து ஆளுங்களுக்குத் தூரம்தான். வேண்டாம்னா வேண்டாம்னு பட்டுனு சொல்லிடுங்க.”

எப்பேர்ப்பட்ட மறுமொழி காத்திருந்தது! தோட்டங்கள் பூத்து நிற்கும் மாதம் ஊரைவிட்டு அசைய முடியாத உறவினர், நடக்கவியலா முதியோர், பெண்வீட்டாரின் மானம் என அடுக்கடுக்காய் அவர் இரவெல்லாம் ஒத்திகை பார்த்த பேருரை, சேனையெனத் திரண்டு தொண்டைவரை வந்தது. அதற்குள் கால் ஒன்று வழுக்கியது.

“பூசானே இருக்கட்டும், சம்பந்தி!”

“மனசாரச் சொல்றீங்களா?”

“மனசார! கடல்னா எனக்கு உசுரு!”

“அப்ப இறக்கிடட்டுமா?”

“உங்க சௌகரியம், சம்பந்தி.”

கோடரிகள் இரண்டும் வெற்றித்தூண்களென மதிலில் நிலைத்திருக்க, எட்டாத மணி காற்றில் தானே ஒலிக்க, திசைகாவலர் கண்புதைக்க, ஏணியுயரம் வென்ற ஏந்தல், கயிற்றில் மெல்லச் சுழன்றபடி, விண்விட்டு இழியும் வேந்தனெனத் தரை சேர்ந்தார். சேர்ந்ததும் இரு சம்பந்திகளும் இடுப்புவரை குனிந்து, உங்களுக்குத்தான் சிரமம், இல்லை உங்களுக்குத்தான் சிரமம் என்று, வரிசையில் நின்றோர் வெறுத்துப்போகும்வரை வணங்கிக்கொண்டார்கள்.

கல்யாணம் பூசானில் நடந்தது, சாப்பாடு பரவாயில்லை.