மாப்பிள்ளை துரைசாமிக்கு எண்ணெய்க் குளியல்

எனக்குத் தைக்க வரும் என்று யார் சொன்னார்கள் என்பது இன்றுவரை ஞாபகம் இல்லை. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் கல்யாணமாகி வந்த முதல் ஏழெட்டு வருஷம், கண்ணில் பட்ட எதையும் நான் சும்மா விட்டதில்லை. பழைய புடவை பாவாடையாகும், பாவாடை ஜன்னல் திரையாகும், திரை கிழிந்தால் மிதியடியாகும். தீக்குச்சியில் கோபுரம், முட்டை ஓட்டில் கிளி, உடைந்த வளையலில் வாசல் தோரணம்.

"ரெண்டு நிமிஷம் அசையாம உக்காந்தா என்னையும் வெட்டித் தைச்சிடுவே போலிருக்கு" என்பார் என் வீட்டுக்காரர். (அவருக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். அவருடைய தலையணையிலிருந்து நான் அவ்வப்போது பஞ்சு உருவிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அது அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.)

அப்போது ஆவடியில், தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். ராஜிக்கு ஐந்து வயது, சேகருக்கு இரண்டு. ராஜியின் பிறந்தநாளுக்கு அவர் போட்டுத் தேய்ந்த காக்கி பேண்ட் ஒன்றை வெட்டி யானை தைத்தேன். பேண்ட்டின் பாக்கெட் யானையின் விலாவிலேயே அமைந்துவிட்டது. அது தற்செயல்தான். பார்த்தவர்களிடம் வேண்டுமென்றே வைத்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

தலைக்கும் தும்பிக்கைக்கும் பஞ்சு போதுமாயிருந்தது. உடம்புக்குப் போதவில்லை. போதாததற்கு, நிற்க வைத்தால் குப்புற விழுந்தது. வயிற்றில் கனம் வேண்டும். சமையலறையில் தேடியபோது ஒன்றரைப் படி கொள்ளு கிடைத்தது. இரண்டு பிள்ளை பெற்று நான் பெருத்துவிட்டேன் என்று என் நாத்தனார் கவலைப்பட்டு, தினமும் கொள்ளு ரசம் குடிக்கச் சொன்னதால் வாங்கியது. ஒரே ஒரு நாள் குடித்தேன். மிச்சமெல்லாம் யானை வயிற்றுக்குள் போனது. அதன் பிறகு யானை கல் மாதிரி நின்றது. நான் இளைக்கவில்லை.

ராஜி அதற்கு துரைசாமி என்று பெயர் வைத்தாள். ஏன் துரைசாமி என்று கேட்டதற்கு, "அவன் பேரே அதான்" என்றாள். சாப்பிடும்போது பக்கத்தில் துரைசாமி, தூங்கும்போது துரைசாமி. அவள் மிச்சம் வைத்த பிஸ்கட், சிலேட்டுக் குச்சி, ஒரு தடவை உயிரோடு ஒரு பொன்வண்டு, எல்லாம் அவன் பாக்கெட்டில் இருக்கும். கனத்தால் தூக்க முடியாமல் தும்பிக்கையைப் பிடித்து வீடெல்லாம் இழுத்துக்கொண்டு போவாள்.

இந்த நேரத்தில்தான் குவார்ட்டர்ஸ் மாதர் சங்கத்தில் கைவேலைக் கண்காட்சி அறிவித்தார்கள். முதல் பரிசு எவர்சில்வர் டிபன் கேரியர், நாலு அடுக்கு. எனக்கு டிபன் கேரியர் மேல் ஆசைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. வந்த நாளிலிருந்து நான் ராஜி அம்மா, இல்லாவிட்டால் பன்னிரண்டாம் நம்பர் வீட்டம்மா. என் பெயர் கமலா என்பது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். பரிசு வாங்குகிறவர்களை மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு தடவை ஆவடி முழுக்க என் பெயர் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

சங்கத்துச் செயலாளர் லலிதா அக்கா ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், துரைசாமியைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"இதைவிட்டுட்டு வேற எதையாவது கொண்டு வந்தேன்னா உன்னோட பேச மாட்டேன். பரிசு உனக்குத்தான்" என்றார். போகும்போது வாசலில் நின்று, "ஞாபகம் இருக்கில்ல? முதல் பரிசு வாங்குற பொருளைத் தலைமை தாங்க வர்ற மேடத்துக்கே அன்பளிப்பா கொடுத்துடறது நம்ம வழக்கம்" என்றும் சொன்னார்.

எனக்கு ஞாபகம் இருந்தது. ராஜியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று அவள் அழுத அழுகை பக்கத்து பிளாக் வரைக்கும் கேட்டிருக்கும். இதைவிடப் பெரிசாகச் செய்து தருகிறேன் என்றேன். "பெரிசு வேணாம்." தும்பிக்கை ஆடுகிற மாதிரி செய்து தருகிறேன் என்றேன். "ஆட வேணாம்." பரிசு கிடைத்தால் உனக்கு டிபன் கேரியரில் சாப்பாடு என்றேன். (ஐந்து வயதுக் குழந்தையிடம் இதைச் சொன்னவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.) கடைசியில் வேறு வழி தெரியாமல் ஒரு பொய் சொன்னேன்.

"துரைசாமிக்குக் கல்யாணம்டி. பெரிய வீட்டுக்கு மாப்பிள்ளையாப் போறான்."

அழுகை சட்டென்று நின்றது. "நிஜமாவா?"

"நிஜமா."

"அப்ப அவனுக்கு எல்லாம் செய்யணும்ல?"

"ஆமா, ஆமா" என்று தலையை ஆட்டிவிட்டு, தப்பித்தோம் என்று மெஷினில் போய் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுப் பையனின் கல்யாணம் போன மாதம்தான் நடந்தது என்பதும், மாப்பிள்ளைக்கு நலங்கு வைத்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதை முன்வரிசையில் நின்று பார்த்தவள் இவள் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொருள்களைக் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து நான் துரைசாமியின் நெற்றிக்கு ஜரிகைப் பட்டம் தைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இரண்டிடமிருந்தும் சத்தமே இல்லை. என் பிள்ளைகளுக்குத்தான் எவ்வளவு பொறுப்பு என்று பூரித்துப்போனேன். குழந்தைகள் சத்தம் போடவில்லை என்றால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்ற பாலபாடம்கூட எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.

நாலு மணிக்கு ராஜி வந்தாள். துரைசாமியைத் தன் ரோஜாநிற டவலில் தலை மட்டும் தெரியும்படி சுற்றி, ஊக்கு குத்தி, மணைப்பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பிரிக்காதேம்மா. அவன் ரெடியாயிட்டான்."

அவள் அழவில்லை. உதட்டை மட்டும் இறுக்கி வைத்திருந்தாள். பிரித்தால் மறுபடி அழுவாளோ என்ற பயம் எனக்கு. அப்படியே நெற்றிப்பட்டத்தைக் கட்டித் தூக்கினேன். வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. கொஞ்சம் ஈரமாகவும் இருந்தது. ஆனால் அது ஐப்பசி. அந்த மழையில் எங்கள் வீட்டில் தீப்பெட்டிகூட ஈரம்தான். லேசாக நல்லெண்ணெய் வாசனையும் வந்தது. என் தலையிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சங்கத்தில் பொருள்களைச் சுற்றியபடியே வாங்கி, சீட்டு ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். விழா மேடையில் மேடம்தான் ஒவ்வொன்றாகப் பிரிப்பார். துரைசாமி அந்தப் பூட்டிய அலமாரிக்குள், இருட்டில், புழுக்கத்தில், இரண்டு நாள் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. நான் இருப்பதிலேயே நல்ல பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, பெயர் கூப்பிட்டால் எழுந்து போக வசதியாக ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் சேகர், பக்கத்தில் ராஜி, பின்னால் அவர். மேடையில் வயர் கூடை பிரிந்தது, பாசிமணி மான் பிரிந்தது, கைதட்டினார்கள். அடுத்தது எங்கள் ரோஜா டவல். முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கைத் தொட்டுக்கொண்டார்கள்.

மேடம் ஊக்கை எடுத்து டவலை விலக்கினார்.

துரைசாமி பிரமாதமாகப் பெருத்திருந்தான். வயிற்றுத் தையல், தும்பிக்கைக்கு அடியில் கழுத்துத் தையல், கால் இடுக்கு, எங்கெல்லாம் ஊசி நுழைந்திருந்ததோ அங்கெல்லாம் வெள்ளை வெளேரென்று முளை எட்டிப் பார்த்தது. வாலுக்குக் கீழே ஒரு கொத்தே இருந்தது.

மேடத்துக்குக் கிட்டப்பார்வை. "அடடா, உடம்புல முடியெல்லாம்கூட வெச்சிருக்காங்களே!" என்று ஆசையாகத் தடவினார். அந்தத் தடவலுக்குத்தான் என் தையல் காத்திருந்தது போலிருக்கிறது. 'டர்ர்' என்று வயிறு கிழிந்து, ஒன்றரைப் படி கொள்ளு ஊறி மூன்று படியாகி, முளையும் எண்ணெயுமாக அவருடைய பட்டுப்புடவை மடியில் கொட்டியது.

லலிதா அக்கா பதறிப்போய், சீட்டில் இருந்த பெயரைப் பார்த்துக்கொண்டே மைக்கைப் பிடித்தார். "கமலா! யாருங்க இங்க கமலா? கமலா எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்! கமலா!"

ஆவடி முழுக்கக் கேட்டது.

நான் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டுவிட்டேன். எழுந்து ஓடியவள் ராஜி. மேடையில் ஏறி, பாதி வயிறு காலியான துரைசாமியைக் கட்டிக்கொண்டு, மைக் பக்கத்தில் நின்று அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அம்மா! துரைசாமிக்கு மீசை வந்துடிச்சு! நான் நல்லா எண்ணெய் தேச்சு, அண்டாவுல ரொம்ப நேரம் ஊற வெச்சு குளிப்பாட்டினேன்மா! நீதானே கல்யாணம்னு சொன்னே!"

கூடம் அதிர்ந்து சிரித்தது. அதற்குள் சங்கத்தில் கூட்டிப் பெருக்கும் கன்னியம்மா முறத்தோடு மேடைக்கு வந்துவிட்டாள். வெள்ளானூரிலிருந்து தினம் நடந்து வருகிறவள், நிலத்து வேலை தெரிந்தவள். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இன்னா சோக்கா மொளைச்சுகீது பாரு! நல்ல வெதைமா. ஒண்ணுகூட சொத்தை இல்ல. எந்தக் கடைலமா வாங்குன?"

(அன்று முழுக்க என் கைவேலைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.)

மேடம் எழுந்து புடவையை உதறினார். கோபித்துக்கொள்வார் என்று எல்லோரும் பயந்தபோது, ராஜியிடம் குனிந்து, "ஏம்மா, இவனை எனக்குத் தர்றதுக்கா இவ்ளோ செஞ்சே?" என்று கேட்டார்.

ராஜி தலையை ஆட்டினாள். "பெரிய வீட்டுக்குப் போறான்ல. அழுக்கா போனா நல்லாயிருக்காது." சொல்லும்போதே அந்த இறுக்கிய உதடு உடைந்து, இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது.

"இவனுக்கு எங்க வீட்ல எண்ணெய் தேய்க்க ஆளில்லையே. நீயே வெச்சுக்கோ" என்றார் மேடம்.

டிபன் கேரியர் வயர் கூடைக்குப் போனது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில், அவர் தோளில் சேகரும் என் தோளில் ராஜியும் தூங்கிக்கொண்டு வர, எனக்கு வேறொன்றுதான் நினைவில் ஓடியது. என் பெயருக்காக நான் ஒரு பொய் சொன்னேன். அவள் அதை அப்படியே நம்பி, உயிரையே வைத்திருந்த ஒன்றை, தனக்குத் தெரிந்த அத்தனை மரியாதையோடும் அனுப்பி வைத்தாள். இருட்டில் நன்றாக அழுதேன். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி கொஞ்சம் முன்னால் நடந்தார்.

மறுநாள் காலையில் கன்னியம்மா அந்தக் கொள்ளை ஒரு கூடையில் தூக்கிக்கொண்டு வந்தாள். "தூக்கிப் போட மனசு வரலமா. மழ ஊத்திகினு கீது, ஊட்டுக்குப் பின்னால தூவிவுட்டா கொடி புடிச்சுக்கும்" என்று சொல்லி, அவளே கொத்திக் கிளறித் தூவினாள். நான் துரைசாமியின் தோலை அலசிக் காயப்போட்டுக் கிழிசலைத் தைத்தேன். உள்ளே பஞ்சு அடைத்தேன். இந்தத் தடவை என் தலையணைப் பஞ்சு. அவர் ராத்திரி இரண்டு தலையணையையும் தொட்டுப் பார்த்துவிட்டு, தன்னுடையதை என் பக்கம் நகர்த்தினார். (அதில் பஞ்சு எங்கே இருந்தது? மனசுதான் இருந்தது.)

கொடி ஓடியது, பூத்தது, காய்த்தது. மாசியில் ஒரு முறம் கொள்ளு கண்டுமுதல். சுண்டல் செய்து தட்டில் வைத்தேன். "உன் யானை நல்ல ருசி கமலா" என்றார். அதுவரை அவர் என்னை 'ஏம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

பதினெட்டு வருஷம் கழித்து ராஜிக்குக் கல்யாணம். காலையில் மணையில் உட்கார வைத்து, சுமங்கலிகள் சுற்றி நிற்க, நான் அவள் உச்சியில் எண்ணெய் வைத்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ரொம்ப நேரம் ஊற வெச்சிடாதே. முளைச்சுடப் போறேன்."

அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், வரவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு தேய்த்தேன். நன்றாக, அழுந்த, ஒரு இடம் விடாமல் தேய்த்தேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் தீபாவளிக்கு யார் தலையில் எண்ணெய் வைத்தாலும் இதைத்தான் சொல்வார்கள். ராஜியின் பேத்திக்குப் போன மாதம் முதல் பல் முளைத்தது. ராஜி போனில் கூப்பிட்டு, "அம்மா, கொள்ளு முளைச்சிடிச்சு" என்றாள்.