தரையில் ஒட்டிய கதவு

என்னோடு பிறந்து, கோபத்தில் மட்டும் என்னை மிஞ்சிவிட்ட தங்கைக்கு, எந்தக் குறையும் இல்லாத அண்ணன் எழுதுவது. மாப்பிள்ளையின் முழங்கால் வலியை நான் விசாரித்ததாகச் சொல்.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். உன்னிடம் சொன்னேனா, முடிவெட்டும் கடையில் சொன்னேனா என்பதுதான் ஞாபகமில்லை. "அவ எழுதுற நாடகத்தைப் போய்ப் பாருண்ணே. தேறும்னா இருக்கட்டும், தேறாதுன்னா அடுத்த மாசமே மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து பழைய வேலையிலேயே சேரட்டும்" என்று உன் மகள் விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை என் தலையில் வைத்தாய். சரியான தலைதான். பள்ளிக்கூட நாடகத்தில் நான் வாயிற்காப்போனாக நின்றபோது ராஜாவைவிட எனக்குத்தான் கைதட்டல். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுப் பிரிந்தது அதன் துரதிர்ஷ்டம்.

சைக்கிள் கடைக்கு மேலே ஒரு நீள அறை. வாசலில் 'முடியாத நாடகங்களின் மாலை' என்று ஓர் அட்டை. "ஏம்மா, முக்கால்வாசி தச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு யாராவது கல்யாணத்துக்குப் போவாங்களா?" என்று உன் மகளைக் கேட்டேன். "அதுக்குத்தான் மாமா, கல்யாணத்துக்கு முன்னாடியே போட்டுப் பாக்குறோம், எங்க பிடிக்குதுன்னு" என்றாள். வாய் அப்படியே உன் வாய். உள்ளே நடிகர்கள் கையில் காகிதத்தோடு நிற்கிறார்கள், இரண்டு நாற்காலிமேல் போர்வை போட்டால் அது சோபாவாம், தரையில் வெள்ளை டேப் ஒட்டினால் அது வீடாம், நான் பாட்டுக்கு ஜன்னலோர இடத்தைப் பார்த்துக் குறுக்கே நடந்தேன், "ஐயா, சுவத்துக்குள்ள நடக்குறீங்க!" என்று அறையே கத்தியது. பதறிப் பின்வாங்கினேன், சமையலறைக்குள் போய்விட்டேனாம். "கதவு அங்க இருக்கு மாமா" என்று அவள் காட்டிய இடத்தில் டேப் ஒரு முழம் இடைவெளி விட்டிருந்தது. குனிந்து வெளியே வந்தேன். ஏன் குனிந்தேன் என்று கேட்காதே.

முதல் நாடகம் முடிந்ததும், முடியவில்லை, நின்றதும், பார்க்க வந்திருந்த ஒரு பஸ் டிரைவர் எழுந்து, "நடுவுல நான் தூங்கிட்டேன்" என்றார். அடிதடிதான் என்று செருப்பை மாட்டிக்கொண்டேன். எழுதிய பையனோ, "எந்த இடத்துல சார்? ரொம்ப நன்றி" என்று குறித்துக்கொள்கிறான்! நம் வீட்டில் குழம்பில் உப்புக் குறைவு என்றால் மூன்று நாள் பேச்சு இருக்காதே.

அடுத்தது நம் பெண்ணுடையது. வேலையை விட்டுவிட்டேன் என்று ஒரு மகள் வந்து நிற்கிறாள், அம்மா துணி மடித்துக்கொண்டே இருக்கிறாள், கோபத்தில் ஒரே துண்டை நாலு தடவை பிரித்துப் பிரித்து மடிக்கிறாள், அப்படியே நீதான், எனக்கே பயம் வந்துவிட்டது. திடீரென்று அம்மா வேஷக்காரி வெறும் காகிதத்தைக் காட்டி நின்றுவிட்டாள். உன் மகள் முன்னால் வந்து, "இதுக்கு மேல எனக்கு எழுத வரல. இந்த அம்மா இப்ப என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள். ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், எதையும் எழுதவில்லை.

அப்போதுதான் உன் அண்ணன் நான் எழுந்தேன். இந்த முறை கதவு வழியாகவே போய், அந்தத் துண்டை வாங்கி, உன் குரலிலேயே, "செய்யிடி. ஆனா அரைகுறையா செய்யாத. வாரம் ஒரு தடவை போன் பண்ணு" என்றேன். டிரைவர் கண்ணைத் துடைத்தார். நாடகம் முடிந்தது, தேறிவிட்டது. ஆகவே பிள்ளை இங்கேயே இருக்கட்டும். இது என் தீர்ப்பு.

உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க வாழ்த்தும்,
அண்ணன்.

பின்குறிப்பு: நான் எழுந்திருக்கவில்லை. அந்த வசனத்தை இந்தக் கடிதத்துக்காகத்தான் கட்டினேன். அந்தக் கேள்வியைக் கேட்டபோது உன் மகள் என்னைத்தான் பார்த்தாள். நீ பிறந்ததிலிருந்து உன்னைத் தெரிந்தவன், காலில் இருந்த செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். அந்தக் காகிதம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடியும் காட்டுகிறார்கள். நீயே வா. தரையைப் பார்த்து நட, சுவரில் முட்டிக்கொள்ளாதே. கதவு திறந்துதான் இருக்கிறது.