செடிக்கு நோய் கண்டுவிட்டது

தாராவி,
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான் ஸ்டெர்லின் அவர்களுக்கு,

தாவீது எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கச்சி சேசம்மாளும் உங்கள் மருமகள் கிளாராவும் நல்ல சுகம். கிளாராவின் செடிகளுக்கு மட்டும் சுகமில்லை. அதற்காகக் கர்த்தருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

பதற வேண்டாம், முதலில் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பிள்ளை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, "என் செடிங்க விஷயம்ப்பா, நோய் டெஸ்ட்டு, சொன்னா புரியாது" என்றாள். எட்டாங்கிளாஸ் படித்த தகப்பனுக்கு அது போதாதா? ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, என் மகள் தேவ்நார் ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்க்கும் செடிகள் நோய் நீங்கிப் பிழைக்க ஜெபிக்க வேண்டும் என்று விண்ணப்பம் வைத்துவிட்டேன். சபையார் சும்மா ஜெபிக்கவில்லை மச்சான், வெள்ளிக்கிழமை உபவாசம் வேறு இருந்தார்கள். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னால், கிளாரா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அரே அப்பா! செடிக்கு நோய் வரணும்ப்பா! அதுக்குத்தான் எனக்குச் சம்பளமே!"

அப்புறம்தான் விளக்கினாள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கொடி, பாதுகாக்கப்பட்ட காடுகளில் மரத்தின்மேல் ஏறிப் போர்வை மாதிரி மூடிக் கொல்கிறதாம். வெட்டினால் துண்டுக்குத் துண்டு வேர் விடுமாம்; மருந்தடித்தால் மற்றதும் சாகுமாம். அந்தக் கொடியை மட்டும் தின்கிற பூசணத்தை அதன் சொந்த ஊரிலிருந்தே வரவழைத்து, கண்ணாடிக் கூண்டில் வைத்துச் சோதிக்கிறார்கள். பக்கத்தில் வைத்த கத்தரிச் செடியைப் பூசணம் தொடவில்லை, சரி. கொடியையும் அல்லவா தொடவில்லை! இருபத்திரண்டாம் தேதி வன அதிகாரிகள் வருவதற்குள் இலையில் புள்ளி விழாவிட்டால் அவளுடைய இரண்டு வருட வேலையும் போச்சு. கொடியோ நாங்கள் ஜெபித்த நாளிலிருந்து தளதளவென்று நிற்கிறது.

எங்கள் சபை ஐயரிடம் ஓடினேன். "ஐயரே, அந்த ஜெபத்தைத் திரும்ப வாங்கணும்."

"வே தாவீது, கர்த்தர் என்ன குர்லா மார்க்கெட்ல கடையா வச்சிருக்காரு, எக்ஸ்சேஞ்ச் பண்ண?"

"நோய் வரணும்னு சின்னதா ஒண்ணு…"

"எந்தச் சபையிலவே அப்படி ஜெபிப்பான்? பிஷப்பு என்னைய விட்டுவைப்பாரா?"

சேசம்மாள் பங்குக்கு, "இனி கோயில்ல நீங்க எந்திரிச்சா நான் வெளிய போயிருவேன்" என்றாள்.

கடைசியில் கிளாராவே காரணத்தைக் கண்டுபிடித்தாள். விசிறி ஓடிக் கூண்டு காய்ந்துகிடந்திருக்கிறது. பூசணத்துக்கு ஈரம் வேண்டுமாம். விசிறியை நிறுத்தி, மறுபடி பூசணத்தைத் தூவி, ஈரம் போகாமல் மூடிவைத்தாள். பத்தொன்பதாம் தேதி போன்: "அப்பா, புள்ளி விழுந்துட்டு!" அதிகாரிகளும் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டார்கள். எனக்குப் போன மூச்சு வந்தது. நான் வேலை பார்க்கும் பட்டறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். கூட வேலை பார்க்கும் ஷாகிர் பாய் என்ன விசேஷம் என்றார். "செடிக்கு நோய், பாய்" என்றேன். லட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் வாழைகளை எந்தப் பூசணமும் அண்டாமல் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
தாவீது

பி.கு.: சோதனை ஜெயித்ததால் அடுத்த மாதம் கிளாராவை அசாம் காட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரு வருடம். பெட்டி வாங்கியாகிவிட்டது. மச்சான், ஐயரிடம் ஓடினேன் என்று எழுதினேன் அல்லவா, ஓடவில்லை. ஜெயித்தால் அசாம் என்று பிள்ளை அன்றைக்கே சொல்லியிருந்தாள்; பத்து நாள் கழித்து நடந்துதான் போனேன். புள்ளி விழாவிட்டால் பிள்ளை வீட்டோடு இருப்பாளே என்று, அந்தப் பத்து நாளும் உதடு அசையாமல் நான் ஜெபித்தது, செடி பிழைக்கட்டும் என்றுதான்.