மேற்பார்வையாளர் சர்க்கரையைத் துறந்த வரலாறு

மண்ணைத் துறந்தவர்களை உலகம் பார்த்திருக்கிறது. பொன்னைத் துறந்தவர்களைப் பார்த்திருக்கிறது. பெண்ணைத் துறந்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வந்தவர்களையும் பார்த்திருக்கிறது. காபியில் சர்க்கரையைத் துறந்த ஒரு மகான் மட்டும் இல்லையே என்று அது ஏங்கிக்கொண்டிருந்தது. அந்த ஏக்கத்தைத் தீர்த்துவைத்தவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் பழைய கோப்புப் பிரிவு மேற்பார்வையாளர். அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் வந்த பிறகு விடுவதற்கு யாரால்தான் முடியாது? நோய் அவருடைய மனைவிக்கு.

"அம்மா, உங்களுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கு" என்றார் பெண் மருத்துவர். கறாரான மனுஷி. "இனிப்பை இன்னியோட நிறுத்துங்க. அடுத்த மாசம் கட்டாயம் வாங்க. கால் பத்திரம். சின்னக் காயம்னாலும் ஓடி வரணும், சொல்லிட்டேன்."

மனைவி தலையாட்டினாள். மேற்பார்வையாளரோ நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"டாக்டர், இவ தனியா கஷ்டப்படறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. நானும் விடறேன்!"

"ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்தவரைக் கூப்பிட்டார். அந்த இரண்டு வார்த்தையை நம்மவர் விருது வாங்கியதுபோல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்கு உடனே போன் போனது.

"அப்பா, டாக்டர் விடச் சொன்னது அம்மாவைத்தானே?"

"குடும்பம்னு வந்துட்டா நீ, நான்னு பிரிச்சுப் பேசக் கூடாதும்மா."

"அம்மா விட்டுட்டாங்களா?"

"முதல்ல நான் விடறேன். என்னைப் பார்த்து அவ விடுவா" என்றார் மேற்பார்வையாளர். தலைமைப் பண்பு என்பது இதுதான்.

பெரிய காரியங்களைத் திங்கட்கிழமைதான் தொடங்க வேண்டும் என்பது அலுவலக மரபு. அன்று புதன்கிழமை. இடைப்பட்ட நாட்களைச் சர்க்கரைக்கு 'வழியனுப்பு வாரம்' என்று அறிவித்துவிட்டு, அவர் கேக்குக்கும் சாக்லேட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் தனித்தனியாக விடைகொடுத்தார். ஞாயிறு மாலை அலமாரியைத் திறந்து பார்த்தால், விடைபெறாமல் இன்னும் ஒரு படையே நின்றது.

"இதெல்லாம் நாளைக்கு என் கண்ணுல படக் கூடாது" என்றார்.

"குப்பையில கொட்டிடவா?"

"கொட்டறதா! சாப்பிடற பொருளைக் கொட்டினா வீடு விளங்குமா?"

"அப்ப யாரு திங்கறது?"

அவர் கருணையோடு அவளைப் பார்த்தார். தட்டில் மிஞ்சினதை எல்லாம் காலங்காலமாக வாயில் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவப் போகிறவள்தானே, அந்தப் பார்வை அவளுக்குப் புரிந்தது. அவளுக்கு இனிப்பு பிடிக்கும் என்பதும் உண்மை. 'இன்னியோட சரி' என்று நினைத்துக்கொண்டு பிஸ்கட் டப்பாவைக் காலி பண்ணினாள்.

சர்க்கரை டப்பாவை என்ன செய்வது? வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபி கொடுக்க வேண்டுமே. ஆகவே அது அடுப்படி அலமாரியின் உச்சிக்கு ஏற்றப்பட்டது. மேற்பார்வையாளர் எக்கிப் பார்த்தாலும் கண்ணில் படாத உயரம். அவரைவிட ஒரு சாண் குட்டையான மனைவிக்கு ஒரு முக்காலி 'ஒதுக்கீடு' செய்யப்பட்டது.

திங்கட்கிழமை காலை, அவர் சர்க்கரையில்லாத காபியை ஒரு வாய் குடித்தார். முகம் போன போக்கைப் பார்த்து மனைவி பதறிப்போனாள்.

"ஏங்க, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. உலகத்துல ஒரு பற்று அறுந்துச்சு."

பற்று அறுந்ததில் அவருக்குத் தலைவலி வந்தது. அவள் தைலம் தேய்த்தாள். கோபம் வந்தது. அவள் திட்டு வாங்கினாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏதாவது தித்திப்பாக இருந்தால் தேவலை என்று இருந்தது. சர்க்கரை சேர்க்காத பலகாரம் செய்ய அவள் புதிது புதிதாகக் கற்றுக்கொண்டாள். கடையில் வாங்கிய சாஸிலும் ரொட்டியிலும் கள்ளத்தனமாகச் சர்க்கரை ஒளிந்திருக்கலாம் என்று எங்கோ படித்தார். அன்று முதல் எல்லாவற்றையும் அவள் முதலில் ருசி பார்த்து, "இது தித்திக்குதுங்க, உங்களுக்கு வேணாம்" என்று சான்று அளிக்க வேண்டும். தித்தித்ததை எல்லாம் அவள் சாப்பிட வேண்டும். பின்னே, அதைக் கொட்டலாமா?

இதற்கிடையில் அவளுடைய அடுத்த மாதப் பரிசோதனை நாள் வந்தது. அன்றைக்கென்று பார்த்து அலுவலகத்தில் 'சர்க்கரை விலக்கு விழிப்புணர்வுக் கூட்டம்'.

"ஏங்க, இன்னிக்கு டாக்டரைப் பார்க்கணுமே."

"இன்னிக்கா? நான்தான் சிறப்புப் பேச்சாளர். அந்த வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்ச்சு வெச்சியா இல்லியா?"

அவள் தேய்த்தாள். மருத்துவரை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

கூட்டம் மாபெரும் வெற்றி. மேலாளர் தலைமை வகித்தார். எதற்கும் தலையாட்டுவதால் 'ஆமாஞ்சாமி' என்று பெயர் வாங்கிய தட்டச்சர் வரவேற்புரை நிகழ்த்தினார்.

"நம்ம சார் சர்க்கரையை மட்டுமா விட்டாரு? தன் சுகத்தையே விட்டாரு! யாருக்காக? வீட்டம்மாவுக்காக! இப்படி ஒரு புருஷன் கிடைக்க அந்தம்மா என்ன புண்ணியம் பண்ணிச்சோ!"

மேற்பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிவில் ஒரு பெரிய கேக் வந்தது. அதன்மேல் சர்க்கரைப் பாகால் 'இனிப்பை வென்ற இனியவர் வாழ்க' என்று எழுதியிருந்தது. கேக்கை வெட்டிவிட்டு, ஒரு துளிகூட நாக்கில் படாமல் கையைக் கழுவிய அவருடைய நெஞ்சுரத்தை மேலாளர் வாய்விட்டே பாராட்டினார். மீதிக் கேக்கைக் கட்டி அவரிடமே கொடுத்து அனுப்பினார்கள். அது யார் வயிற்றுக்குப் போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'வாழ்க' மட்டும் மறுநாள் வரைக்கும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேலாளரும் ஆமாஞ்சாமியும் மரியாதை நிமித்தம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"காபி எனக்கு நல்லா தித்திப்பா இருக்கணும்மா" என்றார் மேலாளர்.

"ஆமாமா, எனக்கும்" என்றார் மற்றவர்.

மனைவி முக்காலியில் ஏறி, டப்பாவை எட்டி இழுத்தாள். முக்காலி ஆடியது. டப்பா நழுவி அவள் கால் கட்டைவிரல் மேலேயே விழுந்தது.

"என்ன சத்தம்?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "சர்க்கரை கொட்டிடுச்சா?"

"இல்லங்க... கால்ல..."

"கூட்டித் தள்ளிடு, எறும்பு வந்துடப் போவுது!"

அவள் கூட்டித் தள்ளினாள். விரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, காபி கலந்து, டப்பாவைப் பழையபடி உச்சியில் ஏற்றிவிட்டு, கொண்டுபோய்க் கொடுத்தாள். தித்திப்பு போதவில்லை என்று மேலாளர் சொன்னதால், அடிபட்ட காலோடு இன்னொரு தடவை ஏறினாள்.

புண் ஆறவில்லை. மஞ்சள் வைத்துப் பார்த்தாள், களிம்பு தடவிப் பார்த்தாள். விரல் கறுத்துக்கொண்டே வந்தது. "செருப்பை மாத்து, சரியாப் போயிடும்" என்று மேற்பார்வையாளர் ஆலோசனை வழங்கினார். அவருக்கு அப்போது வேறு கவலை. 'முன்மாதிரி ஊழியர்' பட்டத்துக்கு அவர் பெயரைப் பரிந்துரைக்க வேண்டுமென்றால், துறவின் பலனை ரத்தப் பரிசோதனையோடு நிரூபிக்க வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

ஊசி என்றால் அவருக்குக் கொஞ்சம் பயம். ஆகவே கையைப் பிடித்துக்கொள்ள மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். அவள் நொண்டி நொண்டிப் பின்னால் வந்தாள். "சீக்கிரம் வாயேன், டோக்கன் போயிடும்" என்று அவர் நான்கு எட்டு முன்னால் நடந்தார்.

மருத்துவர் அறிக்கையைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே. முன்னாடியும் இருந்திருக்காது."

"பார்த்தியா!" என்று அவர் மனைவி பக்கம் திரும்பினார். "இதைத்தான் மன உறுதின்னு சொல்றது. நீயும் மனசு வெச்சிருந்தா..."

மருத்துவர் அவரைக் கவனிக்கவில்லை. எட்டிப் பார்த்து, "என்னம்மா கால்ல துணி? அவிழுங்க" என்றார்.

துணி அவிழ்ந்ததும் அறையில் வாடை பரவியது. மருத்துவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் குரலில் பழைய கறார் இல்லை.

"விரலை எடுக்கணும்மா. பாதத்தையாவது காப்பாத்த முடியுதான்னு பார்க்கறேன். சின்னக் காயம்னாலும் ஓடி வாங்கன்னு அன்னிக்கே அவ்வளவு தூரம் சொன்னேனே! இத்தனை நாளா என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க?"

மேற்பார்வையாளர் கையிலிருந்த அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, மருத்துவரைத்தான் பார்த்தாள்.

"இவரு சர்க்கரையை விட்டுக்கிட்டு இருந்தாருங்க டாக்டர்" என்றாள். "அந்த வேலையே எனக்குச் சரியா இருந்துச்சு."